செத்த செடிக்குத் தண்ணீர்

என் பிழைப்பைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டே படியுங்கள். கம்பெனி கம்பெனியாகப் போய், வீட்டில் தீப்பிடிக்காமல் இருப்பது எப்படி என்று வகுப்பெடுக்கிறேன். “படுத்துக்கொண்டு புகைக்காதீர்கள். சிகரெட் துண்டைத் தண்ணீரில் நனைக்காமல் குப்பையில் போடாதீர்கள். முக்கியமாக, செடித் தொட்டியில் அணைக்காதீர்கள். அதில் இருப்பது மண் என்று நினைப்பீர்கள். பாதிக்கு மேல் தேங்காய் நார்த்தூள். காய்ந்துபோனால் உள்ளுக்குள்ளேயே மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும்.” இந்த இடத்தில் தொண்டையைச் செருமிக்கொள்வேன். கைதட்டுவார்கள்.

நானோ சிகரெட்டை விட்டுவிட்டதாக மனைவியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தவன். விட்டவன் வீட்டில் ஆஷ்ட்ரே எதற்கு? அது இருந்தால் மாட்டிக்கொள்வேனே! அதனால் பால்கனியில் பட்டுப்போன ரோஜாவின் தொட்டியில் துண்டைக் குத்தி, மேலே நார்த்தூளைத் தள்ளி மூடிவிடுவேன். ஹாலில் இருந்த ஸ்மோக் அலாரம் ஒருமுறை என்னைக் காட்டிக்கொடுக்கப் பார்த்தது. அதன் பேட்டரியைக் கழற்றி டிவி ரிமோட்டில் போட்டுவிட்டேன்.

பால்கனியை ஒட்டிய அறை மாமியாருடையது. நான் புகைத்துவிட்டு உள்ளே வந்ததும் ஒரு செம்புத் தண்ணீரோடு கிளம்பிவிடுவார்.

“அத்தை, அந்தச் செடி செத்து எவ்வளவு நாளாச்சு! இன்னும் எதுக்கு ஊத்துறீங்க?”

“இருக்கட்டும் மாப்பிள்ளை. என் திருப்திக்கு.”

வயதானால் இப்படித்தான் என்று மனைவியைப் பார்த்துக் கண்ணடிப்பேன். அவ்வளவு பெரிய புத்திசாலி நான்.

போன சனிக்கிழமை மாமியாருக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டு கதவைச் சாத்திப் படுத்துவிட்டார். மனைவி கடைக்குப் போயிருந்தாள். நான் வழக்கம்போலப் புகைத்து, குத்தி, மூடிவிட்டு சோபாவில் சாய்ந்தேன். திங்கட்கிழமை வகுப்புக்குப் படங்களைத் திருத்திக்கொண்டே கண் அசந்துவிட்டேன்.

மூக்கு எரிந்து விழித்தபோது, தொட்டிக்குப் பக்கத்திலிருந்த பிரம்பு நாற்காலி கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது. மாமியார் அறையின் ஜன்னல் திரையிலும் தீ பிடித்துவிட்டது. அலாரம் கம்மென்று இருந்தது.

பதறாதீர்கள் என்பதுதான் என் வகுப்பின் முதல் வரி. நான் “ஐயோ, ஐயோ” என்று ஹாலையே இரண்டு சுற்று சுற்றினேன். தீயணைக்கும் சிலிண்டர் காரில் இருந்தது. கார் மனைவியோடு கடையில் இருந்தது. கடைசியில் கதவைத் தள்ளி, புகைக்குள் தடவித் தடவி, மாமியாரை அப்படியே வாரித் தூக்கி வாசலுக்குக் கொண்டுவந்தேன். அவர் இருமினார். அந்த இருமலைக் கேட்ட பிறகுதான் எனக்கு உயிரே வந்தது. எதிர்வீட்டு டெய்லர் வாளி வாளியாக ஊற்றித் தீயை அணைத்தார்.

மனைவி வந்தபோது, தொட்டி வெடித்துச் சிகரெட் துண்டுகள் பால்கனித் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன.

“என்னங்க இது?”

“அது... பழசும்மா” என்றேன். வெட்கமே கிடையாது எனக்கு.

மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். “தப்பு என் மேலதான் மாப்பிள்ளை. இன்னிக்கு அசந்து தூங்கிட்டேன். தண்ணி ஊத்தலை.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் அவர் ஊற்றியது செடிக்கே இல்லை.

“தெரிஞ்சும் ஏன் அத்தை சொல்லலை?”

“சொன்னா வேற இடத்துல ஒளிஞ்சு பிடிப்பீங்க. அங்கெல்லாம் செம்பைத் தூக்கிட்டு என்னால வர முடியுமா?”

மனைவி அலாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். நான் போய் ரிமோட்டை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தேன்.