கிராஸ் நகரத்தில் இருபத்து நாலு இடம்

"உனக்குப் பாஸ்போர்ட் எதுக்குன்னு கேக்கறேன்..."

"கம்பியைப் பிடிச்சுக்கோ, டிராம் திரும்பப் போகுது..."

"பேச்சை மாத்தாதே அம்மா! பரீட்சை எழுதப்போறது நான். துணைக்கு வர்றவங்களுக்கு எதுக்கு..."

"துணைக்குன்னு நான் எப்பச் சொன்னேன்? நானும் வர்றேன்னுதான் சொன்னேன்."

மிரியம் திறந்த வாயை மூட மறந்து நின்றாள். எதிர் இருக்கையில் நாயோடு உட்கார்ந்திருந்த பெரியவர் செய்தித்தாளை மெல்லத் தாழ்த்தினார்.

"நீயும் எழுதறியா? பல் டாக்டர் படிப்புக்கு?"

"மெதுவாப் பேசுடி."

"நாப்பது வயசுல?"

"வயசு வரம்பு கிடையாதுன்னு நீதானே படிச்சுக் காட்டினே. பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சை தேறியிருந்தா போதும். நான் தேறினவதான். தேறினப்போ நீ வயித்துல இருந்தே, அவ்வளவுதான்."

"பரீட்சைக் கட்டணம்?"

"குளிர்கோட்டு வாங்க வச்சிருந்த காசு. பழைய கோட்டு இன்னும் ஒரு வருஷம் தாங்கும்."

எல்லாம் மிரியம் இழுத்துவிட்ட வினைதான். இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் தவறியவள், போன குளிர்காலம் முழுவதும் அம்மா ஹெர்லிண்டேயைச் சமையலறையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்கச் சொன்னாள். செல், நரம்பு, அமிலம், காரம் என்று ஹெர்லிண்டே கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்கக் கேட்க விடைகள் அவளுக்கும் மனசில் ஒட்டிக்கொண்டன. அதோடு கம்பி வளைப்பு வேறு. பல் படிப்புக்குப் போகிறவர்களின் கை எப்படி என்று பார்க்க, ஒரு படத்தையும் கம்பியையும் குறடையும் கொடுத்து, படத்தில் உள்ளபடியே வளைக்கச் சொல்வார்கள். வீட்டில் துணி மாட்டும் கம்பி ஒன்றுகூட மிஞ்சவில்லை. எல்லாம் எட்டாகவும் கொக்கியாகவும் மேஜைமேல் கிடந்தன. ஒருநாள் ஹெர்லிண்டே சும்மா ஒன்றை எடுத்து வளைத்துப் பார்த்தாள். கோணல் மூக்குக்காரர்களுக்கெல்லாம் மூக்குக் கண்ணாடியை வளைத்துப் பொருத்திக் கொடுப்பதுதான் கடையில் அவள் வேலை. கம்பி படத்தின்மேல் அச்சாக உட்கார்ந்தது. அன்றைக்குப் பிடித்த ஆசை, மார்ச் மாதத்தில் பதிவு திறந்ததும் கையைச் சும்மா இருக்கவிடவில்லை.

பதிவு செய்யும்போதே எந்த ஊர் என்று சொல்லிவிட வேண்டும். அப்புறம் மாற்ற முடியாது. படிப்புக்கென்று கட்டும் பணம் பேருக்குத்தான். வெளியூரில் அறை வாடகையும், கருவிகளும், கண்ணில் மாட்டும் உருப்பெருக்கிகளும்தான் ஆளைக் கரைத்துவிடும். கிராஸ் என்றால் சொந்தக் கட்டிலில் தூங்கலாம், சொந்தச் சட்டியில் சாப்பிடலாம். மிரியம் அதனால்தான் கிராஸ் என்று போட்டாள். ஹெர்லிண்டேயும் அதனால்தான் போட்டாள். மகளோடு ஒரே வரிசையில் நிற்கப்போகிறோம் என்பது, பணம் கட்டி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"வியன்னான்னு போட்டிருக்கலாம்ல? இங்க இருக்கறதே இருபத்து நாலு இடம். அதுல ஒண்ணுக்கு எங்கம்மாவே போட்டி!"

"வியன்னாவுல வாடகை யார் குடுப்பா? பஸ் ஓட்டற உங்கப்பாவா?"

"என் நாய்க்கும் எழுத ஆசைதான்மா," என்றார் பெரியவர். "வீட்டுல விடல."

மிரியம் சிரிக்கவில்லை. நிறுத்தம் வந்ததும் முன்னால் இறங்கி விடுவிடுவென்று நடந்தாள். ஆனால் பரீட்சை நடக்கும் பொருட்காட்சி மண்டபத்து வாசலில் நின்று திரும்பி, "போனை அணைச்சுட்டுப் பையில போடு. இல்லேன்னா வெளியே அனுப்பிடுவாங்க," என்றாள்.

ஆகஸ்டில் தரவரிசை வந்தது. அப்பா எங்கல்பெர்ட் அடுப்பில், மாவுக்குள் ஆப்ரிகாட் பழம் வைத்த உருண்டைகளை வேகப் போட்டிருந்தார். அம்மாவும் மகளும் கணினிமுன் ஒரே நாற்காலியைப் பங்கு போட்டு உட்கார்ந்தார்கள்.

ஹெர்லிண்டே, இருபத்து நாலு.

மிரியம், இருபத்தைந்து.



"எனக்கு வேண்டாம்னு எழுதிடறேன்," என்றாள் ஹெர்லிண்டே. "அடுத்தது நீதான். உனக்கு வந்துடும்."

'ஐயோ வேண்டாம்மா' என்று மகள் சொல்வாள் என்றுதான் நினைத்தாள்.

"சரி," என்றாள் மிரியம்.

எங்கல்பெர்ட்டின் கரண்டி பாத்திரத்துக்குமேல் அப்படியே நின்றது. ஹெர்லிண்டே சுட்டியைப் பிடித்தாள். வேண்டாம் என்ற கட்டம் திரையில் தயாராக இருந்தது. ஒரு அழுத்து, முடிந்துவிடும். மண்டபத்தில் தன் கம்பி படத்தோடு இம்மியும் பிசகாமல் பொருந்தியபோது, பக்கத்து மேஜைப் பையன் எட்டிப் பார்த்து வியந்து புருவத்தை உயர்த்தியது ஞாபகம் வந்தது. கையை எடுத்துவிட்டாள்.

"மாட்டேன்."

"என்ன மாட்டே?"

"குடுக்க மாட்டேன். நான் எழுதினேன், எனக்குக் கிடைச்சது. நீ அழுதாலும் குடுக்க மாட்டேன்."

"இப்பத்தானே குடுக்கறேன்னே!"

"வாய் சொல்லிடுச்சு. கை கேக்கல."

"எங்கல்பெர்ட், கேட்டுக்கிட்டியா உன் பொண்டாட்டி பேசறதை!" என்று அப்பாவைப் பேர் சொல்லிக் கத்திவிட்டு மிரியம் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"நான் இந்த வீட்டுல சமையல்காரன், அவ்வளவுதான்," என்றார் எங்கல்பெர்ட். ஆனால் மனைவியின் பக்கமாக வந்து, மாவு படிந்த கையால் அவள் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனார். ஹெர்லிண்டே வேண்டும் என்ற கட்டத்தை அழுத்தினாள். காது மடல்வரை சிவந்திருந்தாள்.

உருண்டைகளை வெண்ணெயில் புரட்டிய வாசனை எழுந்ததும் பால்கனிக் கதவு திறந்தது. மிரியம் உட்கார்ந்து, யார் முகத்தையும் பார்க்காமல் தட்டில் இருந்ததையெல்லாம் தின்றாள். அப்புறம் அம்மாவின் தட்டிலிருந்தும் ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

"அழுத்திட்டியா?"

"அழுத்திட்டேன்."

"நல்லது. நீ குடுத்திருந்தா, ஆறு வருஷம் தினம் காலையில உன் தியாக முகத்தைப் பார்த்துக்கிட்டே காபி குடிக்கணும். அதுக்கு இன்னொரு தடவை பரீட்சை எழுதலாம்."

"ஊரை இன்ஸ்ப்ரூக்குன்னு போடறியா இந்தத் தடவை?"

"வாடகை அப்பா குடுப்பாரா?"

"மாட்டார்," என்றார் எங்கல்பெர்ட்.

"அப்ப கிராஸ்தான். உன் புத்தகம், உருப்பெருக்கி எல்லாத்தையும் பத்திரமா வச்சிரு, நான் புதுசா வாங்கப்போறதில்ல. கேள்வி கேக்கறதும் நீதான். இந்தத் தடவை கேக்கறதோட நிறுத்திக்கோ." விரலில் ஒட்டிய சர்க்கரையை நக்கிக்கொண்டே மிரியம் முதல்முறையாக அம்மாவை நேராகப் பார்த்தாள். "ஒண்ணுதான் புரியல. நான் உள்ள வந்தப்புறம், மத்த பசங்க எல்லாரும் உன்னை ஹெர்லிண்டேன்னு கூப்பிடறப்போ, நான் மட்டும் அம்மான்னு கூப்பிடணுமா?"