கோதுக்கு எண்ணெய் பூசுகிறவள்

இயக்கத்தின் துவக்குக்கும் பயந்து, ஆமியின் துவக்குக்கும் பயந்து பாரிசுக்கு ஓடி வந்த பாலச்சந்திரன், ஐம்பதாவது வயதில் காசு கட்டித் துப்பாக்கி சுடப் பழகினார். தமிழர் கூடும் லா சப்பேல் தெரு முழுக்க இதைச் சொல்லிச் சிரித்தது. அவர் மனைவி வள்ளிநாயகியும் சிரித்தவள்தான். எபினே பக்கம் ஒரு கிளப். ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் மட்டையில் ஓட்டை போட்டுவிட்டு வரும் மனிதர், அன்றைக்கு மட்டும் வீட்டில் ஏதாவது பாட்டை முணுமுணுப்பார். முப்பத்தொரு வருடம் உணவகத்தில் கோப்பை கழுவியவருக்கு வேறென்ன சந்தோஷம் இருந்தது? அந்த முணுமுணுப்புக்காகவே வள்ளிநாயகி துப்பாக்கியைப் பொறுத்துக்கொண்டாள்.

சுட்டுத் தள்ளிய பித்தளைக் கோதுகளை அவர் எறிவதில்லை. பொறுக்கிக்கொண்டு வந்து, ரூ காயில் அவர்கள் குடியிருந்த கட்டிடத்தின் நிலக்கீழ் அறையில் வைத்து மறுபடி சுடக்கூடிய ரவையாக்குவார். அந்த அறையை எல்லாரும் காவ் என்றுதான் சொல்வார்கள். அங்கே மேசையில் ரவை அழுத்தும் பிரெஸ் ஒன்று பூட்டியிருந்தார். கைப்பிடியை ஒரு தரம் இழுத்தால் வட்டத் தட்டு ஒரு படி நகரும். ஒரு கோது அச்சுக்குள் நெரிபட்டுப் பழைய அளவுக்கு வரும், அடுத்ததற்குள் வெடிமருந்து விழும், அதற்கடுத்ததன் வாயில் குண்டு இறங்கும். இழுக்க இழுக்க ரவை ஒவ்வொன்றாய்ப் பெட்டிக்குள் விழும். ஆனால் எல்லாம் எண்ணெயில் இருக்கிறது. எண்ணெய் பூசாத கோது அச்சுக்குள் போனால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். பிறகு யானை வந்து இழுத்தாலும் கைப்பிடி அசையாது. கூடப் பூசிவிட்டாலோ கோதின் தோளில் பள்ளம் விழும்.

அந்த எண்ணெய் வேலை வள்ளிநாயகியுடையது. அதே கட்டிடத்தின் கீழ்த்தட்டில் இருந்த சேலைக்கடையின் பின்னறையில் சட்டை தைப்பவள் அவள். அளவு தெரிந்த விரல்கள். டப்பாவில் இருக்கும் மஞ்சள் களிம்பை இரண்டு விரலால் தொட்டு, கோதை உள்ளங்கையில் ஓர் உருட்டு உருட்டித் தகரத் தட்டில் அடுக்குவாள். அது ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கிற கொழுப்பு என்று தெரிந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் மட்டும் தொடமாட்டாள்.

"ஆட்டை வெட்டேல்லையப்பா, மயிரைத்தான் வெட்டினவங்கள்" என்பார் பாலச்சந்திரன்.

"என்னவெண்டாலும் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை நான் தொடமாட்டன்."

ஆகவே வெள்ளிக்கிழமை பிரெசுக்கு விடுமுறை. மற்ற நாட்களில் மத்தியான வேலை முடிந்து மூன்று மணிக்கு வருவார். ஆறு மணிக்கு மறுபடி உணவகத்துக்குப் போகவேண்டும். இடையில் கிடைக்கிற அந்த நேரத்தில் மற்றவர்கள் நித்திரை கொள்வார்கள். இவர் காவுக்குள் இறங்கிவிடுவார். வள்ளிநாயகியின் தையல் மெசினுக்கு நேர் கீழேதான் காவ். டக், கிர்ர், டக் என்று காலுக்கடியில் கேட்கும். அந்தச் சத்தத்தோடு சத்தமாக அவளும் தைத்துக்கொண்டிருப்பாள்.

மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை, ஆறு மணி வேலைக்குப் புறப்பட்டவர் லா சப்பேல் மெத்ரோ ரயில் நிலையப் படியில் உட்கார்ந்தார். எழும்பவில்லை.

கிளப் நண்பர் நிக்கோலா அந்த வாரமே வந்து, துப்பாக்கியையும் மருந்தையும் சட்டப்படி வீட்டில் இருக்கக்கூடாத மற்றவற்றையும் எடுத்துப்போனார். பிரெஸ்ஸைப் பிறகு எடுக்கலாம், நீங்கள் சொல்லும்போது வருகிறேன் என்றார். நல்ல மனிதர்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள் வள்ளிநாயகி காவைக் கூட்டப் போனாள். தட்டில் ஐம்பது கோது. பாதிக்கு எண்ணெய் பூசியிருந்தது, பாதி காய்ந்து கிடந்தது. அவர் இறந்த அன்று அவள் தொடங்கிய வேலை. அரைகுறையாய்க் கிடக்கும் வேலையைக் கண்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. உட்கார்ந்து மிச்சத்துக்கும் பூசி அடுக்கிவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு மேலே வந்தாள்.

அடுத்த நாள் மூன்று மணிக்கு, காலுக்கடியில் டக், கிர்ர், டக்.

ஓல்னேயில் இருக்கும் மகள் நிரோஜினிக்குத் தொலைபேசியில் சொன்னாள். "மமா, சே லெ மெத்ரோ" என்றாள் மகள். மெத்ரோவாம்! அந்தக் கட்டிடத்தில் இத்தனை வருடம் குப்பை கொட்டியவளுக்கு மெத்ரோச் சத்தம் தெரியாதா? ஐந்தரைக்கு இறங்கிப் போய்ப் பூட்டைத் திறந்தாள். தட்டு வெறுமையாக இருந்தது. பெட்டிக்குள் ஐம்பது ரவை கிடந்தது. ஒன்றை எடுத்துப் பார்த்தாள். காதருகே குலுக்கினாள், மருந்தில்லாததால் உள்ளே சத்தமே இல்லை. கைப்பிடியின் கறுப்பு உருண்டை வியர்வையில் நனைந்திருந்தது. தொட்ட கையைப் பயத்தில் சட்டென்று இழுத்தாள். பொய் சொல்லக்கூடாது, சந்தோஷமும் வந்தது.

அன்றிலிருந்து அவள் விடவில்லை. காலையில் ஐம்பது கோதுக்குப் பூசி வைத்தாள். மூன்று மணிக்குச் சத்தம் வந்தது. வெள்ளிக்கிழமை பூசவில்லை; சத்தமும் இல்லை. அடுத்த வெள்ளியும் அப்படியே. தான் பூசும் எண்ணெய்தான் அவரைக் கூப்பிடுகிறது என்று அவளுக்கு விளங்கியது. விளங்கியபின் ஆசைக்குக் கணக்கில்லாமல் போயிற்று. நூறு வைத்தாள், இருநூறு வைத்தாள். எவ்வளவு வைக்கிறாளோ அவ்வளவு நேரம் அவர் கீழே இருந்தார். நிக்கோலா இரண்டு தரம் கேட்டும் பிரெஸ்ஸைக் கொடுக்கவில்லை.

சித்திரையில் ஒரு செவ்வாய், விடிய எழுந்து நானூறு கோதுக்குப் பூசினாள்.

அன்று ஐந்து மணி தாண்டியும் சத்தம் ஓயவில்லை. ஆறு மணியும் தாண்டியது. இழுவை மெதுவாயிற்று. வள்ளிநாயகி மெசினை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். ஓர் இழுவைக்கும் அடுத்த இழுவைக்கும் நடுவே மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. கடைசி மாதம் படியேறும்போது அவருக்கு வந்த அதே இழுப்பு. டக். மூச்சு. கிர்ர். மூச்சு. அவர் நிறுத்தமாட்டார். தட்டில் வேலை இருக்கும்வரை நிறுத்தத் தெரியாத மனிதர்; அந்தக் குணத்தால்தானே மெத்ரோப் படியில் உயிரை விட்டார்.

"ஐயோ, செத்த மனுசனை நான் வேலைக்கு வச்சிருக்கிறன்" என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள். கீழே நானூறும் முடிய ஏழரை ஆனது. அதுவரை அவள் காதைப் பொத்திக்கொண்டு தரையில் கிடந்தாள்.

புதன்கிழமை அவள் எண்ணெய் பூசவில்லை. காவ் அமைதியாக இருந்தது. வியாழனும் அமைதி, வெள்ளியும் அமைதி. அவர் போய்விட்டார் என்று நினைத்து, தைத்துக்கொண்டிருந்த சட்டையில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

சனிக்கிழமை மூன்று மணிக்குச் சத்தம் வந்தது. வழக்கமான சத்தமில்லை. இரும்பு இரும்பைப் பிடித்துக் கிரீச்சிட்டது. பிறகு ஒரு முனகல். மறுபடி கிரீச். சட்டென்று அவளுக்குப் புரிந்துவிட்டது. மூலையில் சாக்கு நிறையக் கிடந்த கோதுகளில் ஒன்றை அவரே எடுத்துப் போட்டிருக்கிறார். காய்ந்த கோது. அது அச்சுக்குள் இறுகிவிட்டது. மனிதர் கைப்பிடியோடு மல்லுக்கட்டுகிறார். அவரை மறுபடி வேலைக்குப் பழக்கிவிட்டவள் அவள். இனி அவள் பூசி வைத்தால்தான் வருவார் என்று இல்லை.

எட்டு வருடப் பழக்கம், யோசிக்கும் முன்பே டப்பாவைத் தூக்கிக்கொண்டு முற்றத்துப் படியால் இறங்கினாள். இரண்டு நிமிடத்தில் தானே அணைந்துவிடும் நிலக்கீழ் நடையின் விளக்கைப் போட்டாள். பலகைக் கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே அந்த மூச்சு, மிகக் கிட்டத்தில் கேட்டது.

"இஞ்சேருங்கோ, விடுங்கோ. அது வராது."

இழுவை நின்றது. முக்காலி நகர்ந்தது. செருப்பை இழுத்து நடந்து யாரோ கதவடிக்கு வந்தார்கள். பூட்டு இவள் இடுப்பில் தொங்கிய திறப்புக்குத்தான் திறக்கும். என்றாலும் கதவு ஒரு சாண் திறந்தது. அந்த நேரம் பார்த்து, தன் இரண்டு நிமிடம் முடிந்து நடை விளக்கும் அணைந்தது.

"இண்டைக்கு வேலை இல்லையப்பா. இனி ஒரு நாளும் இல்லை. நீங்கள் போங்கோ" என்றாள்.

இருட்டில் இரண்டு விரல்கள் அவள் வலது உள்ளங்கையில் வந்து தொட்டன. சுடுதண்ணீரில் ஊறித் தடித்த விரல்கள். அவளுக்குத் தெரியாதா அவற்றை? உள்ளங்கைக் குழியில் அவை தடவின. எண்ணெய் தேடின. மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை போய், திரும்பி வந்து மறுபடி தடவின. கை காய்ந்திருந்தது.

மற்றக் கையில் டப்பா இருந்தது. விரலால் ஒரு தொடல் போதும். கோது கழன்றுவிடும், அவர் முக்காலிக்குத் திரும்பிவிடுவார், நாளைக்கும் மூன்று மணிக்குச் சத்தம் கேட்கும். நாளன்றைக்கும் கேட்கும். அவள் உயிர் முழுக்க அதைத்தான் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு டப்பாவை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"இல்லையப்பா" என்றாள்.

விரல்கள் நின்றன. கோபமில்லை. பிறகு அவை அவளுடைய சின்னவிரலைப் பிடித்து மெல்ல மடித்தன. அடுத்த விரலை மடித்தன. ஒவ்வொன்றாக, கடைசியில் பெருவிரலையும் மேலே மடித்து, அவள் வெறுங்கையைப் பொத்தி மூடின. ஒரு கணம் அப்படியே பிடித்திருந்துவிட்டு விட்டன. கதவுக்கு அப்பால் இப்போது மூச்சுச் சத்தம் இல்லை.

வள்ளிநாயகி மூடிய கையைத் திறக்காமல் அந்த இருட்டில் நெடுநேரம் நின்றாள்.