ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி, இவரிடம்தான் பாடம் படித்திருக்க வேண்டும். நன்றாக ஓடுகிற எதையும் இந்த மனுஷரால் விட்டுவைக்க முடியாது. கட்டிக்கொண்டவள் எத்தனை தரம்தான் தலையில் அடித்துக்கொள்வாள்?

அவள் வீட்டுப் பிளான் வரைகிறவள். ஆபீஸை விட்டபிறகு சொந்தமாகப் பிடிக்கப் பார்க்கிற முதல் வேலை இது. சாயங்காலம் வீடு கட்டுகிறவர் வந்து பார்த்து, பிடித்தால்தான் கைக்கு வரும். படமெல்லாம் அலமாரிக்குள் இருக்கிற சர்வர் கம்ப்யூட்டரில். அதில்தான் இவர் ஒரு வாரமாகக் குடியிருக்கிறார்.

"ரெண்டு டிஸ்க், ரெண்டுலயும் ஒரே விஷயம். ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு தானா மெஷினைக் கிளப்பிடும்."

"சாயங்காலம் வரைக்கும் கை வைக்காம இருங்களேன், புண்ணியமாப் போகும்."

கேட்டால்தானே! காலையிலேயே முதல் டிஸ்கை உருவினார். இரண்டாவதை மட்டும் வைத்தே சர்வர் கிளம்பியது. "பாத்தியா!" என்று ஊரையே விலைக்கு வாங்கின மாதிரி ஒரு சிரிப்பு. ஒழியட்டும் என்று அவள் அதிலேயே வேலை செய்தாள். வழியை மறித்த படிக்கட்டைத் திருப்பிப் போட்டு, சமையலறைக்கு வெளிச்சம் கொண்டுவந்து, மத்தியானத்துக்குள் வீட்டையே புதுசாக்கிவிட்டாள். அவளுக்கே பெருமை தாங்கவில்லை.

படத்தை மூடிவிட்டு அவள் குளிக்கப் போனதும் இவருக்குக் கை அரித்தது. முதல் டிஸ்கையும் தனியாகச் சோதிக்க வேண்டாமா? இரண்டாவதை உருவி, காலையில் கழற்றியதைச் செருகினார். அதுவும் கிளம்பியது. வந்த குஷியில் இரண்டாவதைத் திரும்பச் செருகி, முதலாவதில் இருப்பதை அப்படியே அதன்மேல் எழுதச் சொல்லிவிட்டார். எது பழசு, எது புதுசு என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசித்தால் அவர் அவராக இருப்பாரா?

தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவள் படத்தைத் திறந்தாள். படிக்கட்டு பழைய இடத்திலேயே வழியை மறித்து நின்றது. மூடித் திறந்தாள். அப்போதும் அதே படிக்கட்டு.

"காலையில வரைஞ்சது எங்கே?"

அவர் முகம் வெளுத்தது. "காலையில முதல் டிஸ்க் வெளியில இருந்துச்சா... அதுல பழசுதான் இருக்கும்... அதைப் போய் நான் புதுசு மேல..."

அவள் துண்டை நாற்காலிமேல் வீசினாள்.

"ஆனா ரெண்டும் இப்ப அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கு," என்றார், ஆறுதல் சொல்கிறாராம்.

"இருக்காதா பின்னே? ரெண்டுலயும்தான் இல்லையே!"

அழைப்புமணி அடித்தது. வீடு கட்டுகிறவர் சீக்கிரமே வந்துவிட்டார்.

"போங்க, கதவைத் திறங்க," என்றாள் அவள், குரல் உடைய. "அவர்கிட்டயும் இதையே சொல்லுங்க."