ரேகை விழாத விரல்

மேஸ்திரிக்கு ஒட்டகம் தரவேண்டிய பாக்கி முப்பத்தோராயிரத்து நானூறு. மனைவியின் வயிற்று ஆபரேஷனுக்காக வாங்கிய முன்பணத்தில் மிச்சம். சிமெண்ட் மூட்டை சுமந்தே கழித்துவிடலாம் என்றுதான் வாங்கினான். பாதி கழிவதற்குள் முதுகு போய்விட்டது. ஒட்டகம் என்பது சிமெண்ட் கிடங்கில் வைத்த பெயர். மூட்டையை இறக்கிய பிறகும் அவன் முதுகு கூனியே இருக்கும், இறக்கியதாகத் தெரியாது.

அன்று காலை மேஸ்திரி வந்து, வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"வேலை வருது வருதுங்கற. மழைகூட இப்படி ஏமாத்தாதுடா."

"வரும் மேஸ்திரி. விமானச் சரக்குக் கிடங்குல, கேட்ல உக்காந்து வண்டி நம்பர் பாக்கணும். ஆளை விசாரிச்சுட்டுத்தான் எடுப்பாங்களாம்."

"உன்னைப் பத்தி என்கிட்ட கேட்டா ஒரு நாள் முழுக்கச் சொல்லுவேனே."

சொல்லி வாய் மூடவில்லை, ஹெல்மெட்டும் கையுமாக ஒரு பெண் வாசலில் நின்றாள். விசாரிக்கிற கம்பெனியிலிருந்து வந்திருந்தாள். கதவைப் படம் எடுத்தாள், அவனைக் கதவோடு சேர்த்து எடுத்தாள். பிறகு, "சொந்தக்காரங்க இல்லாம, உங்களைத் தெரிஞ்ச ஒருத்தர் சொல்லணும்" என்றாள். பக்கத்து அறைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. அவள் பார்வை நாற்காலிக்குப் போயிற்று.

"சார் யாரு?"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. கடன்பட்ட ஆளைச் சரக்குப் பக்கம் விடமாட்டோம் என்று மனு வாங்கும்போதே சொல்லியிருந்தார்கள். மனைவிக்கும் அது தெரியும்.

"என்கிட்ட பல வருஷம் மூட்டை தூக்கினவன்" என்றார் மேஸ்திரி.

"கை சுத்தமா?"

"சிமெண்ட் இருக்கும். வேற எதுவும் ஒட்டாது."

"குடிப்பாரா?"

"குடிக்கிற அளவுக்கு நான் கூலி கொடுத்ததில்லம்மா."

"யாருக்காவது கடன்?"

மேஸ்திரி அவனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். பயமாவது வரும் என்று காத்திருந்தான். அதுவும் வரவில்லை.

"ஒருத்தருக்கும் ஒரு காசு பாக்கி கிடையாது."

அவள் நீட்டிய போனில் மேஸ்திரி விரலாலேயே கையெழுத்துப் போட்டார். அவள் போனதும், "சம்பளம் வந்ததும் கட்டிடு. அதுக்குத்தான் பொய் சொன்னேன், பெருசா நினைச்சுக்காத" என்று எழுந்தார். மனைவி டீ கொண்டுவந்தாள். "வேணாம் தங்கச்சி" என்று செருப்பை மாட்டினார்.

விசாரணை தேறிவிட்டது. பாஸ் போட அழைத்தார்கள். அங்கே ஒரு சின்னக் கண்ணாடி மேல் விரலை வைக்கச் சொன்னார்கள். வைத்தான். ரேகை விழவில்லை. ஈரத்துணியால் துடைத்து வைத்தான். எண்ணெய் தடவி வைத்தான். பத்து விரலும் ஒன்றுபோலவே கைவிட்டன.

"ரேகை விழலைன்னா பாஸ் கிடையாதுங்க. எங்க கையில இல்ல" என்றார் அங்கிருந்தவர்.

"என் கையிலயும் இல்லைங்க" என்றான் ஒட்டகம். அவர் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

நேரே சிமெண்ட் கிடங்குக்குப் போய் மேஸ்திரியிடம் சொன்னான். அவர் அவன் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். விரல் நுனிகள் கரைந்த சோப்பு மாதிரி வழவழவென்று இருந்தன.

"எல்லாம் நம்ம மூட்டைதான்" என்றார். கையை உடனே விடவில்லை.

"பாக்கியை மாசாமாசம் கொஞ்சமா..."

"எந்தப் பாக்கி? இல்லைன்னு கையெழுத்து போட்டுக் கொடுத்திருக்கேன். இனிமே கேட்டா நான்தான் பொய்யன்."

"வேலை கிடைக்கலையே மேஸ்திரி."

"வேலை கிடைக்கலன்னா என் கையெழுத்து அழிஞ்சுடுமா? லாரி வருது, ஓரமா நில்லுடா."

ஒட்டகம் ஓரமாக நின்றான். பாரம் இறங்கினால் உடம்புக்குத் தெரிவதுதான் அவனுக்குப் பழக்கம். கடன் இறங்கியது தெரிகிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. லாரி உள்ளே போனதும் வீட்டுக்கு நடந்தான்.