மடியிலேயே இருக்கட்டும்

மதியச் சாப்பாட்டு நேரம் பார்த்து, அவசரப் பிரிவின் கதவை முதுகால் தள்ளிக்கொண்டு நுழைந்தார் ஒரு பஸ் டிரைவர். கையில் நான்கு வயது மகள். பின்னாலேயே அவருடைய அக்கா.

நாற்காலியில் அப்பாவின் மடியில் அமர்ந்த குழந்தை, முன்னால் குனிந்து தாடையை நீட்டிக்கொண்டாள். எச்சிலை விழுங்க முடியாமல் வாயோரம் வழிந்தது. மூச்சை உள்ளிழுக்கும்போதெல்லாம் கரகரவென்று ஓர் ஓசை.

"காலையில வெறும் காய்ச்சல்தாங்க. இப்ப பேச்சே வரல," என்றார் டிரைவர்.

பணியில் இருந்த பெண் டாக்டர் வேலைக்குப் புதிது. காய்ச்சல் குழந்தை என்றதும் அவள் கை தன்பாட்டில் நாக்கை அழுத்தும் குச்சியை எடுத்தது. அதைப் பார்த்ததுமே குழந்தை அலற முயன்றாள். சத்தம் எழவில்லை, தொண்டைக்குழி உள்வாங்கி, உதடு வெளிறியது.

டாக்டருக்கு அப்போதுதான் புரிந்தது. மூச்சுக்குழாயின் வாசலில் இருக்கும் மூடி வீங்கிவிட்டது. அழுதாலும், படுத்தாலும், குச்சி பட்டாலும் வழி அடைத்துவிடும். குச்சியைப் பையில் ஒளித்தாள்.

"படுக்க வைக்காதீங்க. மடியிலேயே இருக்கட்டும். ஊசியும் வேண்டாம்."

மயக்க மருந்து டாக்டரையும் தொண்டை அறுவை டாக்டரையும் ஆபரேஷன் தியேட்டருக்கு வரச் சொல்லிவிட்டுத் தள்ளியே நின்றாள்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, பிள்ளை மூச்சுக்குத் தவிக்குது, நீ பாட்டுக்கு நிக்கிற? இதுக்கா படிச்ச?"

"தொட்டா அழுவாம்மா. அழுதா மூச்சு அடைச்சுரும். சும்மா நிக்கிறது எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

"அப்ப நானும் வாயை மூடிக்கிறேன்."

"அதுவே பெரிய உதவிக்கா," என்றார் டிரைவர்.

சக்கர நாற்காலியில் அப்பா, மடியில் மகள். ஆக்சிஜன் குழாயை அவள் முகத்துக்குச் சற்றுத் தள்ளி அவரே பிடித்துக்கொண்டார்.

"திருப்பத்துல மெதுவாண்ணே."

"டிரைவரே, இது என் வண்டி. பேசாம வாங்க," என்றார் நாற்காலியைத் தள்ளிய ஊழியர்.

டிரைவர் மகளின் காதோரம் பஸ் உறுமுவதுபோல மெல்லச் சத்தம் போட்டார். அவள் அவர் நெஞ்சில் சாய்ந்துகொண்டாள். தியேட்டரில் மயக்க வாயுவை மெல்லத் திறந்தபோதும் அவர் நிறுத்தவில்லை. வழி அடைத்தால் கழுத்தில் துளையிட, தொண்டை அறுவை டாக்டர் கத்தியோடு தயாராக நிற்க, அந்தச் சத்தத்திலேயே அவள் கண் மூடினாள். பிறகுதான் அவரை வெளியே அனுப்பினார்கள்.

அவசரப் பிரிவு டாக்டரும் வெளியே நிலைகொள்ளாமல் நடந்தாள். குச்சியைக் காட்டிய அந்த ஒரு நொடியே வினையாகிவிட்டால்?

கதவு திறந்தது. மயக்க மருந்து டாக்டர் முகமூடியை இறக்கினார். "நல்ல வீக்கம். ஆனா மூச்சுக்குக் குழாய் போட்டாச்சு, கத்திக்கு வேலை வரல. அழ விடாமக் கொண்டுவந்தீங்களே, அதுதான் காப்பாத்துச்சு. வீக்கம் வடிஞ்சதும் எடுத்துரலாம்."

கண்ணாடி வழியே பார்த்தார்கள். சின்ன நெஞ்சு சீராக ஏறி இறங்கியது. உதட்டில் நிறம் திரும்பியிருந்தது.

டிரைவர் மனைவிக்குப் போன் போட்டார். மறுமுனையில் "ஹலோ, ஹலோ" என்று கேட்டதும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அக்கா போனைப் பிடுங்கினாள்.

"நான்தான்டி. பிள்ளை பொழைச்சுக்கிட்டா. பதறாம வா."