பதினேழாம் பாத்தி

காலை எட்டு மணிக்குப் பதினேழாம் பாத்தியை உழுதுவிட உத்தரவு. என் மனைவி ஆறு வருடம் இனக்கலப்பு செய்து உருவாக்கிய தீவனப் புல். விளைச்சலில் அதை மிஞ்ச எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் வேறு புல் இல்லை. செரிமானச் சோதனையில்தான் தோற்றது. மாட்டுக்கு ஐம்பத்தெட்டு சதவீதம் செரிக்க வேண்டும், வந்தது ஐம்பத்தொன்று. வேறெங்கும் இந்தப் புல் கிடையாது.

ஏழரைக்குக் கிடங்குக்குப் போய், சோதனைக்கு அனுப்பியது போக மிஞ்சிய கட்டைப் பிரித்தேன். தண்டு விறகாக இருந்தது. நுனியில் பூங்கதிர். சோதனைக்கு அறுப்பது முப்பத்தைந்தாம் நாள்; அந்த வயதில் கதிர் வராது.

கட்டோடு இருந்த சீட்டில் மச்சான் கையெழுத்து. "வயது 35 நாள்." கீழே அறுத்த தேதி.

அவள் இறந்த தேதி.

அன்று பதினாறு பாத்திகளை அறுத்து முடித்திருந்தேன். அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்தது.

மச்சான் வாசலில் நின்றார். அவளுடைய அண்ணன், வயல் மேற்பார்வையாளர்.

"எப்ப அறுத்தீங்க?"

"விடு மாப்ள."

"எப்ப?"

"பதிமூணு நாள் கழிச்சு. வேலைய பாதியில போட்டுட்டுப் போனேன்னு உன்னை யாரும் கேட்டுடக் கூடாதுன்னு பழைய தேதிய எழுதினேன். புல்லு முத்தினா செரிக்காதுன்னு மண்டையில ஏறல."

வெளியே டிராக்டர் உறுமியது. ஓடினேன்.

வரப்பில் நிலையத் தலைவி.

"நிறுத்தச் சொல்லுங்க மேடம். சீட்டுல தேதி தப்பு."

"மார்க் கொறஞ்சா கேள்வித்தாள் தப்புன்னுதான் எல்லாரும் சொல்வாங்க."

சீட்டை நீட்டினேன். "இந்தத் தேதியில நாம எல்லாரும் எங்க இருந்தோம்?"

படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். டிராக்டர் பாத்தி முனையில் திரும்பி நின்றது.

"எழுத்துல குடு. மேல நான் பதில் சொல்லணும்."

"தப்பு என்னோடது, நான் எழுதறேன்" என்றார் பின்னால் வந்த மச்சான்.

"அறுக்க வேண்டியவர் எழுதணும்" என்றார் மேடம்.

அவர் நீட்டிய வயல் பதிவேட்டை டிராக்டரின் மட்கார்டில் வைத்தேன். தேதி. பாத்தி எண். அறுக்காததற்குக் காரணம். பேனா அங்கேயே நின்றது.

"அண்ணே, கலப்பைய எறக்கவா, வீட்டுக்குப் போகவா?" என்றார் டிரைவர்.

'மனைவி இறந்துவிட்டாள்' என்று எழுதினேன். அதுவரை அதை நான் எங்கும் எழுதியிருக்கவில்லை.

மேடம் படித்துவிட்டு டிரைவரைப் பார்த்தார். "நீ போ." பிறகு என்னிடம், "இன்னிக்கே ஒட்ட அறுத்துடு. முப்பத்தஞ்சாம் நாள் சோதனைக்கு மறுபடி அறு. நீயே."

மச்சான் அரிவாள் கொண்டுவந்தார். பிடி என் பக்கம் இருந்தது.

"சீட்டு?" என்றார்.

"நீங்களே எழுதுங்க. இன்னிக்குத் தேதி."