புதுசா என்ன?

வலது தோள்பட்டைக்குக் கீழே, கை போய்ச் சேராத இடத்தில், யாரோ ஆணியை வைத்துத் திருகுவதுபோல் டாக்டருக்கு வலித்தது. அவளுடைய அப்பாவுக்கும் அதே இடத்தில்தான் வலி. அவர் காலமெல்லாம் சிமெண்ட் மூட்டை தூக்கியவர். அந்த முதுகுக்கு வலிக்க உரிமை உண்டு. மகள் தூக்குவது மவுஸ். ஒரு வெங்காயத்தின் எடைகூட இல்லை.

"படிச்சா மூட்டை தூக்க வேண்டாம்னு சொன்னாங்க. மூட்டை போயிருச்சு, வலிய மட்டும் எனக்குன்னு எடுத்து வெச்சிருக்காங்க" என்று அவள் சொன்னால், அடுத்த மேஜையில் உட்கார்ந்திருக்கும் கொட்டாவி சிரிப்பாள். கொட்டாவியும் டாக்டர்தான், இருவரும் ஒன்றாகப் படித்து ஒரே வார்டில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவள் வாயைத் திறந்துகொண்டே வார்டுக்குள் நுழைந்தால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கட்டில் கட்டிலாகக் கொட்டாவி பரவும். அப்படி வந்த பெயர்.

வலிக்குக் காரணம் திரையில் கிடந்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் பக்கம் பக்கமாகக் குறிப்பு. அத்தனையும் புதிதாக எழுதியது என்று நினைத்தால் ஏமாளி. நேற்றைய குறிப்பை அப்படியே நகலெடுத்து, தேதியை மட்டும் மாற்றி, இன்றைக்கு ஒட்டுவது அங்கே எல்லோருக்கும் கைவந்த பழக்கம். அவளும் ஒட்டினாள். ஒட்டாமல் உட்கார்ந்து எழுதினால் நோயாளியைப் பார்க்க நேரம் இருக்காது. ஒட்டினாலோ, உண்மையில் எது மாறியது என்று கண்டுபிடிக்க வைக்கோல் போரில் ஊசி தேட வேண்டும். ஒருமுறை ஜன்னலோரம் படுத்திருந்த லாரி டிரைவர் ஒருவருக்கு ஒரு வாரமாகப் 'பசி இல்லை' என்றே குறிப்பு ஓடியது. அந்த மனுஷன் தன் தட்டைக் காலி செய்துவிட்டுப் பக்கத்துக் கட்டில்காரர் மிச்சம் வைத்த ரொட்டியையும் கேட்டு வாங்கித் தின்றுகொண்டிருந்தார். குறிப்பை நம்பிய யாரோ அவருக்குப் பசி எடுக்க மருந்தும் எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகு தன் ரொட்டி தனக்கு மிஞ்சுமா என்று வார்டே பயந்தது.

இதை அவள் வீட்டில் சொன்னபோது புருஷன் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் வெல்டர், பட்டறையில் சூடு பட்ட கையோடு சாப்பிட உட்கார்ந்தவன், சிரித்ததில் புரையேறித் தண்ணீர் குடித்தான். சிரிக்காதவன் அவனுடைய தம்பி ஒருவன்தான். வங்கிக்குக் கம்ப்யூட்டர் நிரல் எழுதும் வேலையில் இருந்தவன்.

"அண்ணி, காலைல வார்டுக்குள்ள போனதும் நர்ஸ்கிட்ட நீங்க முதல்ல என்ன கேப்பீங்க?"

"புதுசா என்னன்னு கேப்பேன்."

"அத அந்தத் திரையே சொன்னா?"

அவள் கையில் எடுத்த கவளம் அங்கேயே நின்றது.

இப்படிப் பிறந்ததுதான் 'புதுசா என்ன?' என்ற செயலி. நோயாளியின் பெயரைத் தொட்டால் மலைபோல் கிடக்கும் குறிப்பில் பழையதையெல்லாம் தள்ளிவிட்டு, நேற்றிலிருந்து மாறியதை மட்டும் நாலு வரியில் காட்டும். கொழுந்தன் வேலையை விட்டுவிட்டு இதிலேயே இறங்கினான். "அண்ணன் சோறு இருக்கு, அண்ணி திட்டு இருக்கு, வேற என்ன வேணும்" என்றான். கொஞ்ச நாளில் அரசாங்கத்தின் சுகாதாரத் துறை ஒரு போட்டி அறிவித்தது: மருத்துவர்கள் நோயாளிப் பதிவுகளை நன்றாகப் பயன்படுத்த உதவும் செயலிக்குப் பரிசு. முதல் பரிசு வாங்கும் செயலி அரசு மருத்துவமனைகளில் ஒரு வருஷம் ஓடும். செய்தவருக்குச் சம்பளமும் உண்டு. இரண்டாம் பரிசுக்குச் சான்றிதழும் கைகுலுக்கலும்.

இறுதிச் சுற்றுவரை வந்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் கடல் தாண்டி ஒரு கம்பெனி கொழுந்தனுக்கு வேலை கொடுத்து விமான டிக்கெட்டும் அனுப்பிவிட்டது. முதல் பரிசு கிடைத்தால் அவன் இங்கே இருப்பான், செயலி அவளுடைய வார்டுக்கு வரும். கிடைக்காவிட்டால் அவன் அடுத்த திங்கட்கிழமை விமானத்தில், செயலி குப்பையில், ஆணி அவள் தோளில்.

அவளுக்கு அவனோடு உட்காரக் கிடைத்தவை ஞாயிற்றுக்கிழமைகள்தான். தன் ஞாயிற்றுக்கிழமை டூட்டிகளையெல்லாம் கொட்டாவியின் தலையில் கட்டினாள்.

"திருப்பித் தந்துடுறேன்டி."

"தருவ, தருவ. ஊர்ல கடன் வாங்கினவ எல்லாம் இதே மூஞ்சியோடதான் சொல்றா" என்பாள் கொட்டாவி. சொல்லிவிட்டு ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போய்விடுவாள்.

இறுதிச் சுற்று புதன்கிழமை வந்தது. அன்றைய டூட்டியும் கொட்டாவிக்கே போயிற்று.

துறையின் கூட்ட அறையில் ஏசி குளிர்ந்தது, மைக் கரகரத்தது. பின்வரிசையில் புருஷன், நெருப்புப்பொறி பட்டு ஓட்டை விழாத ஒரே சட்டையில் வந்து உட்கார்ந்திருந்தான். கிளம்பும்போது அவள் அதிலும் காலருக்குப் பின்னால் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தாள், சொல்லவில்லை. முன்வரிசையில் போட்டிக் குழு ஒன்று, எல்லோரும் ஒரே நீலச் சட்டையில்.

"அண்ணி, அவங்களுக்கு சட்டையே செயலி மாதிரி இருக்கு" என்றான் கொழுந்தன். உதடு காய்ந்திருந்தது.

"சட்டையப் பாத்து யாருக்கும் காய்ச்சல் இறங்காது. பேசாம தண்ணி குடி."

நடுவர்களில் மூத்தவர் ஒரு பெரிய டாக்டரம்மா. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு மேஜையெல்லாம் கண்ணாடி தேடுகிறவர். விதி எளிது. துறை தயாரித்த கற்பனை நோயாளிகள் மூவரின் பதிவுகளை ஒவ்வொரு செயலியிலும் ஏற்றுவார்கள். பெரிய டாக்டரம்மாவே அதைத் தொட்டுப் பார்ப்பார். அவர் பார்ப்பது சுவர்த் திரையில் எல்லோருக்கும் தெரியும். செய்தவர்கள் பதிவுகளை முன்னால் பார்த்திருக்கக் கூடாது.

நீலச் சட்டைக்காரர்களின் செயலி மயில்போல் ஆடியது. வட்டம், கோடு, பச்சை, மஞ்சள். மூன்றாவது நோயாளிக்குப் பெரிய பச்சைப் பெட்டியில் 'நிலை சீராக உள்ளது' என்று மின்னியது. கைதட்டல்.

அடுத்து இவர்கள். பெரிய டாக்டரம்மா முதல் நோயாளியைத் தொட்டார். காய்ச்சல் இறங்கியது, ஒரு மாத்திரை நிறுத்தப்பட்டது, நேற்று இரண்டுமுறை வாந்தி. நாலே வரி. அவர் புருவத்தைத் தூக்கினார். இரண்டாவது நோயாளி: ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருக்கிறது, யாரும் இன்னும் திறந்து பார்க்கவில்லை. "அட" என்றார். கொழுந்தன் அண்ணியின் காலை மேஜைக்கடியில் மிதித்தான். சந்தோஷத்தில் மிதித்தது, ஆனாலும் வலித்தது.

மூன்றாவதைத் தொட்டார். மேலே நோயாளியின் வயதும் கட்டில் எண்ணும். கீழே வெள்ளை.

பெரிய டாக்டரம்மா காத்திருந்தார். மறுபடி தொட்டார். வெள்ளை. முந்தாநாளிலிருந்து காட்டு என்றார், அதுவும் வெள்ளை. கொழுந்தன் ஓடிப்போய் செயலியை மூடித் திறந்தான். வெள்ளை, சலவைக்குப் போட்டு எடுத்த வேட்டிபோல. அவன் காதுமடல் சிவந்தது.

பின்வரிசையிலிருந்து புருஷனின் குரல், அவன் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்ட குரல்: "ஃப்யூஸ் போயிருச்சு போல."

டாக்டருக்குத் திங்கட்கிழமை விமானம் கண்ணெதிரே ஏறியது. ஆனால் வார்டில் மூச்சு நின்றவன் முன்னால் நின்று பழகிய கால்கள் தாமாகவே நடந்தன. கொழுந்தனை ஒதுக்கிவிட்டு, அவள் செயலியை விட்டு வெளியே வந்து, அந்த நோயாளியின் முழுக் குறிப்பையும் திறந்தாள். படித்தாள். அடுத்த நாளைப் படித்தாள். அதற்கடுத்த நாளைப் படித்தபோது வாய் கோணியது. சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"மேடம், படிக்கலாமா? திங்கக்கிழமை: நாளை ஸ்கேன் எடுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை: நாளை ஸ்கேன் எடுக்க வேண்டும். புதன்கிழமை..."

"நாளை ஸ்கேன் எடுக்க வேண்டும்" என்று முன்வரிசையில் யாரோ சேர்ந்து சொன்னார்கள்.

"வெள்ளி வரைக்கும் அதேதான். ஒரு எழுத்து மாறல. செயலி கெடல மேடம். புதுசா ஒண்ணுமே இல்ல, அதான் ஒண்ணுமே காட்டல."

"நம்ம கடைப் பலகை மாதிரி" என்றான் பின்வரிசை வெல்டர். "இன்று ரொக்கம், நாளை கடன்."

அறை சிரித்தது. பெரிய டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் தேடினார், தலையில் கண்டுபிடித்தார், போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தார். பிறகு மைக்கைக் கையில் எடுத்தார்.

"மத்த ரெண்டு பேரையும் ஆபீஸ்ல தயார் பண்ணாங்க. ஒரு டாக்டர் எழுதினா இன்னும் நிஜமா இருக்கும்னு இந்த ஆள நான் தயார் பண்ணேன். திங்கக்கிழமைக்கு யோசிச்சு யோசிச்சு எழுதினேன். மத்த நாளுக்கு..."

"ஒட்டிட்டீங்க" என்றாள் டாக்டர். வாயிலிருந்து வந்த பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது.

"ஒட்டிட்டேன்" என்றார் அவர். "மாத்தி எழுதணும்னு நினைச்சேன், மறந்துட்டேன். சர்வீஸ் பூரா ஒட்டின கைம்மா இது. இல்லாத ஆளுக்குக்கூட ஒட்டியிருக்கு." இப்போது அவரே சிரித்தார், தோள் குலுங்கி, கண்ணாடி மறுபடி தலைக்குப் போய், புறங்கையால் கண்ணைத் துடைக்கும்வரை சிரித்தார். "அஞ்சு நாளா ஸ்கேன் எடுக்காத ஆளப் பாத்து இன்னொரு செயலி 'சீராக உள்ளது'ன்னு பச்சை காட்டுச்சே." நீலச் சட்டைக்காரர்கள் ஒரே நேரத்தில் தங்கள் ஷூவைப் பார்த்தார்கள்.

ஆனால் சிரித்து முடித்ததும் கேள்வி வந்தது. "சரி. வார்டுல நான் அவசரத்துல நிக்கிறேன். இந்த வெள்ளையப் பாத்தா என்ன நினைப்பேன்?"

"கெட்டுப்போச்சுன்னு நினைப்பீங்க. செஞ்ச நாங்களே அப்படித்தான் நினைச்சோம்."

"ஏன் அப்படியே விட்டீங்க?"

டாக்டர் கொழுந்தனைப் பார்த்தாள். தப்பு அவனுடையது இல்லை. செயலியைச் சோதிக்க ஞாயிறுதோறும் மாதிரிக் குறிப்புகளை எழுதித் தந்தவள் அவள்தான். வார்டில் கூசாமல் ஒட்டுகிறவள், பரிசுக்குப் போகிற பிள்ளையாயிற்றே என்று அதற்கு மட்டும் எல்லா நாளையும் ஒழுங்காக, புதிது புதிதாக எழுதியிருந்தாள். ஒட்டாத டாக்டரையே பார்த்து வளர்ந்த செயலி அது. நிஜ வார்டை அது இன்றைக்குத்தான் சந்தித்தது. அதையும் மறைக்காமல் சொன்னாள்.

"ஒரு வரி சேக்கணும் மேடம். இப்பவே சேக்கலாமா?"

"சேருங்க. நானும் வேடிக்கை பாக்குறேன்."

கொழுந்தன் கீபோர்டை இழுத்தான். அடித்துக்கொண்டே முணுமுணுத்தான்: "ஐந்து நாளாக யாரும் புதிதாக எதுவும் எழுதவில்லை. போதுமா அண்ணி?"

"அது பத்தாது. இன்னும் ஒண்ணு போடு. நோயாளியைப் போய்ப் பாருங்கள்."

சுவரில் இரண்டு வரியும் வந்தன. பெரிய டாக்டரம்மா பழக்கதோஷத்தில் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். பிறகு, "எங்கேன்னு போய்ப் பாக்குறது?" என்று உட்கார்ந்தார். அந்தச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

முதல் பரிசை அறிவித்துக் கோப்பையைக் கொடுத்தபோது பெரிய டாக்டரம்மா சொன்னது ஒன்றுதான்: "என்னை எழுந்திருக்க வெச்ச செயலி இது."

புருஷன் பின்வரிசையிலிருந்து நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு வந்து, பட்டறையில் கேஸ் சிலிண்டரைத் தூக்கும் தோரணையில் தம்பியை இடுப்போடு தூக்கினான். காலரின் ஓட்டை பெரிதாகக் கிழிந்தது.

"அண்ணே, இறக்கு, மானம் போகுது."

"போகட்டும்டா. டிக்கெட்ட என்ன பண்ணப் போற?"

"உன் பேருக்கு மாத்தித் தரட்டா? அங்க போய் வெல்டிங் அடி."

"ஏங்க, தம்பிய இறக்கிட்டு என்னைத் தூக்குங்க, நான்தானே வரி சொன்னேன்" என்றாள் டாக்டர். அவன் நிஜமாகவே திரும்பியதும் பயந்து மேஜைக்குப் பின்னால் ஓடினாள்.

தெருவுக்கு வந்தார்கள். முனைக் கடையில் மூவரும் டீ குடித்தார்கள். கொழுந்தன் டீ கிளாஸைப் பிடித்தபடி தானாகச் சிரித்துக்கொண்டிருந்தான். டாக்டருக்குத் தோள் இன்னும் வலித்தது; பரிசு வாங்கிய செய்தி அங்கே போய்ச் சேரவில்லை. பரவாயில்லை, செயலி அடுத்த மாதம் வார்டுக்கு வந்துவிடும். அவள் கொட்டாவிக்கு போன் போட்டாள்.

"புதுசா என்ன?" என்றாள் கொட்டாவி, எடுத்ததும்.

"ஜெயிச்சுட்டோம்டி."

அந்தப் பக்கம் ஒரு கூச்சல். பிறகு கைதட்டும் சத்தம், ஒன்று, இரண்டு, வார்டு முழுக்க. யாரோ எதற்கென்று கேட்க, "அதெல்லாம் அப்புறம், முதல்ல தட்டுங்க" என்று கொட்டாவி அதட்டுவதும் கேட்டது. டாக்டர் போனைக் கொழுந்தனின் காதில் வைத்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

போன் திரும்ப வந்தபோது கொட்டாவி ஒரு நீளமான கொட்டாவியை முடித்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப சந்தோஷம்டி, சத்தியமா. அழுகையே வருது. ஆமா, இந்த ஞாயித்துக்கிழமை யாரு?"

"நான்தான்."

"அடுத்தது?"

"அதுவும் நான்தான்டி."

பரிசுக் கோப்பை டீக்கடை பெஞ்சில் மின்னியது. ஆறு ஞாயிற்றுக்கிழமை டூட்டி, இன்றைய புதன்கிழமை டூட்டி ஒன்று: கொட்டாவிக்கு அவள் இன்னும் தர வேண்டியது அவ்வளவு.